‘கிளார்க்’ என்னும் குடும்பப் பெயர் வந்த வழி

தாலுகா அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் கிளார்க் என்று நாம் அழைக்கும் பணியாளரை அறியாதவர் இல்லை. எழுத்தர் என்றும் குமாஸ்தா என்றும் சொற்கள் இருப்பினும், கிளார்க் என்பதே பேச்சில் முந்திக்கொண்டு வருகிறது. இச்சொல்லே ஆங்கிலம் பேசும் நாடுகளில் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பெயராகவும் விளங்குகிறது. அலுவலகக் கிளார்க்கும் குடும்பப் பெயரான கிளார்க்கும் இன்று ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துக்கூட்டல் உடையவை; பிறப்பால் இரண்டும் ஒன்றே. அவ்விரண்டும் நம் திருச்சபையின் பீடத்தடியில் பிறந்தவை என்பதைப் பலர் அறியார்.

கிளார்க் என்பதன் முதற்பொருள் திருநிலையினர், அதாவது திருச்சபையின் திருப்பணிக்கென ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்பதாகும். இங்கே ஓர் ஐயம் எழும். லத்தீன் திருச்சபையில் குருக்கள் மணவாழ்வைத் துறந்தவர்கள். அவ்வாறிருக்க, அவர்களது நிலையைக் குறிக்கும் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் எவ்வாறு இறங்கியது? இடைக்காலக் குருக்களின் ஒழுக்கக் குறைவுக்கு இப்பெயரே சாட்சி என்று எள்ளி நகையாடுவோரும் உண்டு. நம் பிள்ளைகள் இத்தகைய பேச்சைக் கேட்க நேர்ந்தால் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கிரேக்க மொழியில் ‘கிளேரோஸ்’ என்றொரு சொல் உண்டு. திருவுளச் சீட்டு என்பது அதன் பொருள். சீட்டுப் போட்டு ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு, உரிமைச் சொத்து என்றும் பொருள் விரியும். யூதாசின் இடத்திற்கு மத்தியாஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாற்றை அப்போஸ்தலர் பணி நூலின் முதல் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோம். அங்கே சீட்டைக் குறிக்க வரும் கிரேக்கச் சொல் இதுவே. பழைய ஏற்பாட்டிலோ, நாட்டைப் பங்கிட்டபோது லேவி குலத்தாருக்கு மட்டும் நிலப் பங்கு இல்லை. ஆண்டவரே அவர்களின் பங்கு என்று உபாகமம் கூறுகிறது. இவ்விரு கருத்துகளையும் மனத்திற்கொண்டு புனித எரோணிமுஸ், நெப்போசியானுஸ் என்னும் இளங்குருவுக்கு எழுதிய கடிதத்தில், ஆண்டவரின் பங்காக இருப்பதாலோ ஆண்டவரைத் தம் பங்காகக் கொண்டிருப்பதாலோ திருநிலையினர் ‘கிளேரிக்குஸ்’ எனப்படுகின்றனர் என்று விளக்கம் தருகிறார். ‘கிளேரிக்குஸ்’ என்னும் அந்த லத்தீன் சொல்தான் பழைய ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் புகுந்து ‘கிளெர்க்’ ஆயிற்று.

இனி மணவாழ்வைப் பற்றிய ஐயத்திற்கு வருவோம். இன்று திருநிலையினர் என்றால் தியாக்கோன், குரு, ஆயர் ஆகிய மூவரையே நினைக்கிறோம். இடைக்காலத்தில் அந்த ஏணிக்குப் படிகள் மிகுதி. உச்சந்தலையில் வட்டமாக முடியைக் கத்தரிக்கும் ‘தொன்சூரா’ என்னும் சடங்குடனேயே ஒரு சிறுவன் திருநிலையினன் ஆகிவிடுவான். அச்சடங்கில் ஆண்டவரைத் தன் உரிமைப் பங்காகப் போற்றும் சங்கீதத்தை அவன் சொல்வான். அதன்பின் வாயிற்காவலர், வாசகர், பேயோட்டுநர், பீடத்துணைவர் என்ற நான்கு சிறு பட்டங்கள் வரும். உபதியாக்கோன் பட்டத்திலிருந்துதான் பெரிய பட்டங்கள் தொடங்கும். 1123இலும் 1139இலும் கூடிய லாத்தரன் பொதுச்சங்கங்கள் திருமணத்தை விலக்கியது உபதியாக்கோன் முதலான இப்பெரிய பட்டத்தாருக்கே. சிறு பட்டத்தோடு நின்றவன் மணம் முடிக்கலாம். மணம் முடித்தால் திருச்சபைச் சொத்திலிருந்து வரும் மானியத்தை அவன் இழப்பான். ஆயினும் அவன் திருமணம் செல்லுபடியாகும் திருமணமே, அவன் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே. 1298இல் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் வெளியிட்ட சட்டத் தொகுப்பு இதனைத் தெளிவாக்கிற்று. கன்னிப்பெண் ஒருத்தியை ஒரேமுறை மணந்து, தலையில் தொன்சூராவையும் உடலில் திருநிலையினர்க்குரிய உடையையும் தரித்திருப்பவன், திருநிலையினரின் சில சலுகைகளை இழப்பதில்லை என்பது அதன் சாரம். கைம்பெண்ணை மணந்தாலும், மறுமணம் புரிந்தாலும் சலுகை போய்விடும்.

ஆகவே கிளார்க் குடும்பங்களின் முன்னோரில் பெரும்பாலோர் மனைவி மக்களோடு நேர்மையாக வாழ்ந்த சிறு பட்டத்தார் எனக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும். வாக்குத் தவறிய குருக்கள் இருந்ததே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. ஸ்காட்லாந்தில் வழங்கும் மக்டாகர்ட் என்ற பெயருக்குக் ‘குருவின் மகன்’ என்பதே பொருள். மக்நாப் என்பதோ ‘மடாதிபதியின் மகன்’. கெல்த்து இனத்தாரிடையே மடங்களின் தலைமை சில குடும்பங்களில் பரம்பரையாக இறங்கிய காலம் ஒன்று உண்டு. அவற்றை மறைப்பதற்கில்லை. கிளார்க் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

இச்சிறு பட்டங்கள் இன்று வழக்கில் இல்லை. 1972இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தொன்சூராவையும் சிறு பட்டங்களையும் உபதியாக்கோன் பட்டத்தையும் நீக்கி, வாசகர், பீடத்துணைவர் என்னும் இரண்டை மட்டும் பொதுநிலையினரும் ஏற்கத்தக்க பணிகளாக நிறுத்தினார். 2021இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவ்விரு பணிகளையும் பெண்களுக்கும் திறந்துவிட்டார்.

இடைக்கால ஆங்கிலப் பங்குகளில் இக்கிளார்க்குகள் செய்த வேலை என்ன? நம் ஊர்க் கோயில்பிள்ளையையும் உபதேசியாரையும் நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். கோயில் மணியடிப்பது, பூசைக்குத் துணை நிற்பது, நிருபம் வாசிப்பது, பதிலுரை பாடுவது, குரு நோயாளியைக் காணச் செல்லும்போது விளக்கேந்தி முன்னே நடப்பது ஆகியவை பங்குக் கிளார்க்கின் கடமைகள். ஞாயிறன்று வீடு வீடாகச் சென்று தீர்த்தம் தெளித்து, வீட்டார் தரும் சிறு காணிக்கையைப் பெறும் ‘தீர்த்தக் கிளார்க்’ என்பவரும் இருந்தார். 13ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஆயர்கள் சிலர், இவ்வேலையை ஏழை மாணவர்க்கே கொடுக்க வேண்டும், அவ்வருவாயில் அவர்கள் படித்து முன்னேற வேண்டும் என்று தம் மறைமாவட்டச் சட்டங்களில் விதித்தனர். உதவிச் சம்பளம் என்று நாம் இன்று சொல்வதன் மூத்த வடிவம் அது. நிலவுடைமையாளனுக்கு அடிமைப்பட்ட உழவனின் மகன், அவ்வுடைமையாளனின் இசைவு பெற்று, தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்து எழுத்தறிந்து உயர்வதற்கு இது வழியாயிற்று.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவிஞர் சாசர் எழுதிய காண்டர்பரிக் கதைகளில் அப்சலோன் என்றொரு பங்குக் கிளார்க் வருகிறான். சுருண்ட முடியை அழகாக வகிர்ந்துவிட்டவன். திருநாளில் தூபம் வீசும்போது பங்கிலுள்ள பெண்களின் பக்கமே பார்வையாக இருப்பவன். ஆயர்கள் இவனை வாசகர்க்கு முன்மாதிரியாகக் காட்டியிருக்கமாட்டார்கள்! நமக்கு வேண்டியது வேறொரு செய்தி. முடி திருத்துவதோடு நிலப் பத்திரமும் கடன் தீர்வைச் சீட்டும் எழுதத் தெரிந்தவன் அவன் என்று சாசர் குறிப்பிடுகிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் கோயிலைச் சார்ந்தவரே என்றிருந்த அக்காலத்தில், பத்திரம் எழுதவும் கணக்கு வைக்கவும் கிளார்க்கையே ஊரார் நாடினர். மெல்ல மெல்லத் திருநிலை என்ற பொருள் தேய்ந்து, எழுத்துவேலைக்காரர் என்ற பொருள் ஓங்கிற்று. நம் அலுவலகக் கிளார்க் பிறந்தது இவ்வாறே.

பட்டப்பெயராக இருந்தது குடும்பப் பெயராக இறுகியதற்குக் காலம் பிடித்தது. முதலாம் வில்லியம் மன்னரின் ஆணையால் 1086இல் தொகுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலக்கணக்கில் ரிக்கேரியுஸ் கிளேரிக்குஸ் போன்ற பெயர்கள் உள்ளன. அங்கே அது தொழிலைச் சுட்டும் அடைமொழியே. ஒரே ஊரில் ஐந்து ஜான்களும் ஆறு வில்லியம்களும் இருந்தால், ஜான் என்னும் கொல்லன், ஜான் என்னும் கிளார்க் என்று சொல்லித்தானே பிரித்தறிய வேண்டும்? 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வரி வசூலும் நிலப் பதிவும் பெருகப் பெருக, தந்தையின் அடைமொழி அத்தொழில் செய்யாத மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் ஆள்தோறும் விதித்த தலைவரிக்கென எழுதப்பட்ட பட்டியல்களில் இம்மாற்றத்தைக் காணலாம். மகனை ‘கிளார்க்கின் மகன்’ என்றே அழைத்த இடங்களில் கிளார்க்சன் என்ற பெயர் நிலைத்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் கோயில்பிள்ளை என்பது வேலையின் பெயராகவும் ஆளின் பெயராகவும் வழங்குவதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

இச்சொல்லுக்கு இன்னொரு வலிமையும் இருந்தது. அது தூக்குக் கயிற்றிலிருந்து ஆளைக் காப்பாற்றும் வலிமை. குற்றம் சாட்டப்பட்ட திருநிலையினரை விசாரிக்க வேண்டியது அரசனின் நீதிமன்றமா, ஆயரின் நீதிமன்றமா என்ற வழக்கில்தான் இரண்டாம் ஹென்றி மன்னருக்கும் காண்டர்பரிப் பேராயர் புனித தாமஸ் பெக்கட்டுக்கும் பகை மூண்டது. 1164இல் மன்னர் கொணர்ந்த கிளாரண்டன் சட்டங்களைப் பேராயர் எதிர்த்தார். 1170 டிசம்பர் 29இல் தம் பேராலயத்திலேயே வெட்டுண்டு மாண்டார். அவரது இரத்தத்திற்குப்பின் மன்னர் பணிய நேர்ந்தது. பெருங்குற்றம் செய்த கிளார்க்கை ஆயரிடம் ஒப்படைப்பது ஆங்கிலச் சட்டத்தில் நிலைபெற்றது. ஆயர் நீதிமன்றம் மரண தண்டனை விதிப்பதில்லை.

ஆனால் ஒருவன் கிளார்க்தான் என்பதை எவ்வாறு அறிவது? தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளச் சிறைக்குள்ளேயே வழி உண்டு. ஆகவே 14ஆம் நூற்றாண்டு முதல், வாசிக்கத் தெரிந்தவன் கிளார்க் என்ற அளவுகோலை நீதிபதிகள் கைக்கொண்டனர். கைதியின் கையில் சங்கீதப் புத்தகம் கொடுக்கப்படும். பெரும்பாலும் அவன் வாசிக்க வேண்டியது தாவீது அரசர் தம் பாவத்திற்காக மனம் நொந்து இரக்கம் வேண்டும் 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனமே. பழைய லத்தீன் எண்ணிக்கையில் அது 50ஆம் சங்கீதம். வாசித்துவிட்டால் உயிர் தப்பும். அதனால் ஆங்கிலேயர் அவ்வசனத்திற்குக் ‘கழுத்து வசனம்’ என்றே பெயரிட்டனர். எழுத்தே அறியாதவனும் சிறையில் கிடந்தபடி அதை மனப்பாடம் செய்துகொள்வதுண்டு. உயிருக்குப் பயந்து ஒப்பித்தவர்களில் எத்தனைபேர் அச்சங்கீதத்தின் பொருளை உணர்ந்து ஒப்பித்தார்களோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

1489இல் ஏழாம் ஹென்றி மன்னர் இதற்கு வரம்பு கட்டினார். உண்மையில் பட்டம் பெறாதவன் இச்சலுகையை ஒருமுறைதான் பெறலாம். மறுமுறை வராதபடி அவனது கட்டைவிரலில் சூடு போடப்படும். கொலைக்கு ‘எம்’, திருட்டுக்கு ‘டி’ என்ற எழுத்து. நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598இல் ஒரு சண்டையில் கேப்ரியல் ஸ்பென்சர் என்னும் நடிகரைக் கொன்றுவிட்டு, இவ்வாறு வாசித்துத்தான் உயிர் தப்பினார். உடைமைகள் பறிபோயின, விரலில் சூடு விழுந்தது. அதே சிறைவாசத்தில் ஒரு குருவைச் சந்தித்து அவர் கத்தோலிக்கரானார். குருக்கள் வேட்டையாடப்பட்ட எலிசபெத் அரசியின் காலத்தில் அது துணிவான செயலே. ஏறத்தாழ 12 ஆண்டுகள் கத்தோலிக்கராக இருந்து, பின்னர் ஆங்கிலிக்கன் சபைக்குத் திரும்பினார். 1706இல் வாசிப்புச் சோதனை நீக்கப்பட்டது. 1827இல் சலுகையே ஒழிந்தது.

பெயரின் ஒலியைப் பற்றிச் சிறிது. எழுத்துக்கூட்டலின்படி ‘கிளெர்க்’ என்று ஒலிக்க வேண்டியதை ஆங்கிலேயர் ‘கிளார்க்’ என்பது ஏன்? இடைக்காலத்தின் பிற்பகுதியில் ‘எர்’ என்ற ஒலி பல சொற்களில் ‘ஆர்’ என்று திரிந்தது. டெர்பி என்று எழுதி டார்பி என்பதும், பங்குக் குருவைக் குறித்த ‘பெர்சன்’ என்பது ‘பார்சன்’ ஆனதும் அத்திரிபே. குடும்பப் பெயரில் எழுத்தும் ஒலிக்கேற்ப மாறியது. தொழிற்பெயரில் எழுத்து பழையபடியே நின்றது. அமெரிக்கர் தொழிற்பெயரை எழுத்துப்படி ‘கிளர்க்’ என்கின்றனர். நாம் ஆங்கிலேயரிடம் கற்றவர்கள். ஆகவே தொழிலையும் கிளார்க் என்றே சொல்கிறோம். குடும்பப் பெயரின் ஈற்றில் ஓசையற்ற ‘ஈ’ எழுத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவர். சேர்ப்பது அயர்லாந்தில் பெருவழக்கு, சேர்க்காதது ஸ்காட்லாந்தில் பெருவழக்கு. இங்கிலாந்தில் இரண்டும் ஏராளம்.

அயர்லாந்தின் கதை தனிக்கதை. ஆங்கிலேயர் அங்கே கால் வைப்பதற்கு முன்பே, தங்கள் மொழியில் அதே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த குடும்பப் பெயர் ஒன்றை ஐரிஷ் மக்கள் வைத்திருந்தனர். அது ஓ கிளேரி. கிளேரக் என்னும் முன்னோனின் வழித்தோன்றல் என்பது பொருள். 916இல் அக்குடும்பத் தலைவர் ஒருவர் இறந்ததை ஐரிஷ் ஆண்டேடுகள் குறித்திருப்பதால், ஐரோப்பாவின் மிகப் பழைய பரம்பரைப் பெயர்களுள் ஒன்றாக அதனை அறிஞர் எண்ணுகின்றனர். கால்வே பகுதியில் அதிகாரம் இழந்த அக்குடும்பத்தார் பல திசைகளில் சிதறினர். டொனகால் சென்ற கிளையினர் ஓ டொனல் குறுநில மன்னர்களுக்குப் பரம்பரை வரலாற்றாசிரியர்கள் ஆயினர்.

அக்கிளையில் தோன்றியவர் சகோதரர் மிஹால் ஓ கிளேரி. பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறவில்லை, பொதுநிலைச் சகோதரராகவே வாழ்ந்தார். திருநிலையினர் என்ற பெயரைச் சுமந்த அவர் திருநிலையினர் அல்லர்! பெல்ஜியத்தின் லூவேன் நகரிலிருந்த ஐரிஷ் பிரான்சிஸ்கு மடம் 1626இல் அவரைத் தாயகத்திற்கு அனுப்பிற்று. ஆங்கில ஆட்சியில் மடங்கள் இடிந்து, ஏடுகள் அழிந்துகொண்டிருந்த காலம். ஐரிஷ் புனிதர்களின் வரலாறுகளைத் தேடி, ஏடு கண்ட இடமெல்லாம் அமர்ந்து படியெடுத்தார். 1632 முதல் 1636 வரை டொனகால் சகோதரர்கள் ஒதுங்கியிருந்த இடத்தில், மூவர் துணையோடு அயர்லாந்தின் முழு வரலாற்றையும் ஆண்டு வரிசையில் தொகுத்தார். ‘நான்கு ஆசிரியர்களின் ஆண்டேடு’ என்று அது புகழ்பெற்றுள்ளது. நால்வரில் இருவர் ஓ கிளேரி குடும்பத்தினர். மூல ஏடுகள் பல பின்னர் தொலைந்தன. சகோதரரின் படிகள் எஞ்சின. 1643இல் லூவேனில் அவர் இறந்தார். நம் நாட்டில் ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோரை நினைக்கும்போது இவரையும் நினைக்கத் தோன்றுகிறது.

இத்தகைய பெயர் எவ்வாறு கிளார்க் ஆயிற்று? 1465இலேயே, டப்ளினைச் சூழ்ந்து ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் வாழும் ஐரிஷ்காரர் ஊர், நிறம், தொழில், பதவி இவற்றுள் ஒன்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரைச் சூடவேண்டும் என்று சட்டம் பிறந்தது. அடுத்த நூற்றாண்டுகளில் ஐரிஷ் மொழியே ஒடுக்கப்பட்டபோது, கேவன் பகுதி ஓ கிளேரிகள் பலர் கிளார்க் ஆயினர். வேறு பகுதிகளில் கிளியரி, கிளேரி என்று நின்றனர். பெயரைப் பறிகொடுத்தாலும் பொருளைப் பறிகொடுக்கவில்லை; ஓ கிளேரிக்கும் கிளார்க்குக்கும் வேர் ஒன்றே. ஆயினும் அயர்லாந்தில் கிளார்க் என்பவரெல்லாம் ஓ கிளேரி வழியினர் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. டப்ளினில் பிறந்து, உலகப் புகழ்பெற்ற வண்ணக் கண்ணாடிக் கலைஞரான ஹாரி கிளார்க் (1889-1931), இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து வந்து கோயில் அலங்கார வேலை செய்தவரின் மகன். கார்க் நகரின் ஹோனன் சிற்றாலயத்தில் புனிதர்களின் உருவம் தாங்கிய 11 சாளரங்கள் அவர் கைவண்ணம். ஐரோப்பாவுக்குச் செல்லும் நம் வாசகர் வாய்ப்பிருந்தால் கண்டு வரலாம்.

ஓர் இடைக்குறிப்பு. போப், பிஷப், ஆபட், பிரையர், மங்க் என்றும் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் உண்டு. பாப்பரசர்கள் இங்கிலாந்தில் வழித்தோன்றல்களை விட்டுச் சென்றார்கள் என்று எவரும் மயங்க வேண்டாம். மேட்டிமையாக நடந்தவனுக்கு ஊரார் சூட்டிய கேலிப் பெயர், ஆயரின் மாளிகையில் வேலை செய்தவனுக்கு வந்த பெயர், நாடகத்தில் அவ்வேடம் கட்டியவனுக்கு நிலைத்த பெயர் என்று அறிஞர் விளக்குகின்றனர். திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் அத்தகைய பெயரைத் தாங்கியவரே. ஆங்கிலிக்கன் சபைக் குருவானவரைத் தமிழுலகம் ‘போப்பையர்’ என்று கொண்டாடுவது சுவையான முரண்.

இன்று இப்பெயர் எங்கெங்கே எவ்வளவு வழங்குகிறது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ‘ஈ’ சேராத கிளார்க் என்னும் பெயருடையோர் 5,62,679 பேர். குடும்பப் பெயர்களின் வரிசையில் அது 27ஆம் இடம். ஏறத்தாழ 550 பேருக்கு ஒருவர். இங்கிலாந்தில் இருவகை எழுத்துக்கூட்டலும் தனித்தனியே முதல் ஐம்பதுக்குள் வருகின்றன. ஸ்காட்லாந்தில் முதல் இருபதுக்குள் வருகிறது. கனடாவின் பிரதமராக 1979-80இல் இருந்த கத்தோலிக்கர் ஜோ கிளார்க்கும், நியூசிலாந்தை 1999 முதல் 2008 வரை ஆண்ட ஹெலன் கிளார்க்கும் இப்பெயரினர். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த அறிவியல் புனைகதை ஆசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கை நம் இளைஞர் அறிவர். கடவுள் நம்பிக்கையற்ற அவர், தம் அடக்கத்தில் எந்தச் சமயச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். பெயரின் பொருள் அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. பிரெஞ்சில் லெக்லேர், டச்சில் டெ கிளர்க் என்பனவும் இதே பெயர்களே. பெண் குழந்தைகளுக்கு இலவசக் கல்வி தரச் சபை கண்டு, 1947இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட ஆலிக்ஸ் லெக்லேர் (1576-1622) அம்மரபில் நினைக்கத்தக்கவர்.

அமெரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் கிளார்க் என்ற பெயருடைய கறுப்பின மக்கள் பெருந்தொகையினர். அவர்களுடைய முன்னோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். முதலாளியின் பெயர் சுமத்தப்பட்டோ, விடுதலைக்குப்பின் தாமே தேர்ந்தோ இப்பெயரைப் பெற்றனர். அடிமை வாணிபத்தை ஒழிக்க இங்கிலாந்தில் முன்னின்று உழைத்தவர் தாமஸ் கிளார்க்சன் என்பதும், அவர் பெயரும் இதே வேரில் கிளைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கவை.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தார் வாக்களிக்க விரும்பினால், சட்ட வாசகத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டிலும் சோதனை வைத்தார்கள். பழைய இங்கிலாந்தில் வாசிப்புச் சோதனை கழுத்தைக் காத்தது. இங்கே அது வாயை அடைத்தது. அடிமையாகப் பிறந்த தந்தையின் மகளான செப்டிமா கிளார்க் (1898-1987) தென் கரோலினாவில் ஆசிரியை. கறுப்பினத்தாரின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்த குற்றத்திற்காக 1956இல் வேலையை இழந்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. 1957இல் ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், முதியோர் வாசிக்கவும் கையொப்பமிடவும் கற்கும் குடியுரிமைப் பள்ளி அவர் முயற்சியால் தொடங்கிற்று. அப்பள்ளிகள் தென்மாநிலங்களெங்கும் பரவி, பல்லாயிரவரை வாக்காளராக்கின. அதே காலத்தில் அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு வந்தவர்களைத் தடிகொண்டு தடுத்த காவல் தலைவரின் பெயரும் கிளார்க்தான்: ஜிம் கிளார்க். 1965 மார்ச் 7இல் அங்கே நடந்த கொடுமையைக் கண்டு நாடு கொதித்தது. செயின்ட் லூயி நகரிலிருந்து நம் கன்னியர் சிலர் துறவுடையோடு சென்று ஊர்வலத்தில் நின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 6இல் கையொப்பமான வாக்குரிமைச் சட்டம் அங்கே வாசிப்புச் சோதனையை நிறுத்திற்று.

நம் திருச்சபையின் துறவற வாழ்வில் இப்பெயர் தாங்கிய இருவரைச் சொல்லி முடிப்போம். ஒருவர் டப்ளினில் பிறந்த அன்னை மேரி பிரான்சிஸ் கிளார்க். தோழியர் நால்வருடன் கடல் கடந்து, 1833இல் பிலடெல்பியாவில் புனித கன்னி மரியாளின் பிறரன்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். குடியேறிய ஏழைகளின் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிப்பதே அவர்கள் பணி. 1843இல் டுபியூக் நகருக்குப் பெயர்ந்து, 1887இல் இறந்தார்.

மற்றவர் அருட்சகோதரி மோரா கிளார்க். அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1931இல் நியூயார்க்கில் பிறந்தார். மேரிநோல் சபையில் சேர்ந்து, 1959 முதல் நிகராகுவாவின் ஏழைகளிடையே பள்ளியிலும் பங்கிலும் உழைத்தார். 1980 மார்ச் 24இல் எல் சால்வதோர் நாட்டின் பேராயர் ரொமேரோ பூசைப் பீடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாட்டு மக்களுக்குத் துணை நிற்கக் கன்னியர் தேவை என்ற அழைப்பை ஏற்று, அவ்வாண்டிலேயே மோரா அங்கே சென்றார். உள்நாட்டுப் போரில் வீடிழந்தோர்க்கு உணவும் மருந்தும் கொண்டுசெல்வதும், அஞ்சி ஓடுவோரைப் பாதுகாப்பான இடம் சேர்ப்பதும் அவரது அன்றாட வேலையாயின. டிசம்பர் 2ஆம் நாள் இரவு, விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில், அருட்சகோதரியர் ஈட்டா போர்டு, டாரதி கேசல், பொதுநிலை ஊழியர் ஜீன் டோனவன் ஆகிய மூவரோடும் தேசியக் காவற்படையினரால் மடக்கப்பட்டுக் கொலையுண்டார். 1984இல் அப்படையினர் ஐவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பணி செய்யும் மண்ணிலேயே அடக்கம் செய்வது மேரிநோல் கன்னியரின் வழக்கம். அதன்படி மோராவும் ஈட்டாவும் சலத்தேனாங்கோ ஊரின் கல்லறைத் தோட்டத்தில், அவ்வூர் ஏழைகளின் கல்லறைகளுக்கிடையே துயில்கின்றனர்.